பூபாய்ஷா கேட்ட பங்கு

அக்கொரூம் ஊரில் சாகின் வீட்டுச் சமையலறைக்குள் இரண்டு முழ அகலத்துக்கு வானம் இருக்கிறது. அடுப்புக்கு மேலே, உத்தரத்துக்குக் கீழே, கிழக்குச் சுவரிலிருந்து மேற்குச் சுவர் வரை ஒரே துண்டாகப் போகிறது. வெளியே வெயில் காய்ந்தாலும் அதில் மேகம் இருக்கும். சில நாள் அதிலிருந்து பனி விழுந்து சூப்புப் பானையில் கரையும். சாகினின் மனைவி முதல் வாரம் அழுதாள். இரண்டாம் வாரம் அதற்கடியில் கம்பி கட்டிக் குதிரை இறைச்சியை உலரப் போட்டாள். இப்போது நாரின் பட்டணத்துச் சந்தையில் அந்த வீட்டு இறைச்சி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பார்க்கிறார்கள். இந்த வானம் எப்படி வந்தது என்பதில் ஊருக்குள் இரண்டு பேச்சு கிடையாது. சுயூன்பெக் தான் எடுத்த ஒரு மலையாட்டுப் படத்தில் மேல்பக்கம் வானம் அதிகமாகிவிட்டது என்று வெட்டினான். வெட்டியதைச் சாகினுக்குக் கொடுத்தான்.

சுயூன்பெக் பதினெட்டு வருஷம் பால் லாரி ஓட்டியவன். அதற்கு முன்பும் ஊடேயும் வேட்டைக்காரன். ஐம்பதாவது வயதில் முழங்கால் இரண்டும் தகராறு செய்ததும் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு, பல கை மாறி வந்த ஒரு கேமராவையும் முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸையும் வாங்கி வந்தான். "முட்டி வலிச்சா மத்தவங்க துப்பாக்கியைக் குடுத்துட்டு நாற்காலி வாங்குவாங்க. எங்க வீட்டு மனுஷன் அதைவிடக் கனமா ஒண்ணு வாங்கியாந்திருக்கு" என்று அவன் மனைவி சைராகுல் கிணற்றடியில் சொன்னாள். காரணம் முட்டி இல்லை என்று அவளுக்கும் தெரியும். அதற்குச் சில வருஷம் முன்னால், ஊருக்கு மேலே உள்ள கராங்கி ஓடையில் பனிச்சிறுத்தையைப் பார்த்தேன் என்று சுயூன்பெக் சொன்னான். ஊர் நம்பவில்லை. நம்பாததோடு விட்டிருந்தால்கூடப் போகட்டும், அதைப் பழமொழி ஆக்கிவிட்டார்கள். யாராவது தன் குதிரையின் வேகத்தையோ மருமகளின் குணத்தையோ கொஞ்சம் கூட்டிச் சொன்னால், "சரி சரி, சுயூன் பார்த்த சிறுத்தைதானே" என்பார்கள். ஒரு மனுஷன் தன் பெயரைப் பழமொழியில் கேட்டுக்கொண்டே பதினோரு வருஷம் தேநீர் குடிப்பது லேசுப்பட்ட காரியமா.

கேமரா வாங்கிய முதல் இரண்டு வருஷம் அவன் எடுத்த படங்கள் படுமோசம். இதை நான் சொல்லவில்லை, தலைநகர் பிஷ்கெக்கில் நான்கு நாள் பயிற்சி கொடுத்த ஒரு மெலிந்த ஆள் சொன்னார். சுயூன்பெக் கொண்டுபோன தொண்ணூறு படங்களிலும் மலையாடோ, மர்மோட் எலியோ, கழுகோ, எதுவானாலும் சரி, நட்டநடுவில் நின்றது. "இதெல்லாம் படமில்ல அண்ணே, குறி. நீங்க இன்னும் சுட்டுக்கிட்டுத்தான் இருக்கீங்க" என்றார் அந்த ஆள். எங்கள் பக்கத்து வேட்டைக்காரன் கையில் கேமராவைக் கொடுத்தால் வேறென்ன செய்வான். நாற்பது வருஷம் நடுப்புள்ளியிலேயே பழகிய கண். மிருகத்தை ஒரு பக்கமாகத் தள்ளி வை, அது பார்க்கிற பக்கம் இடம் விடு, காலை மூட்டோடு வெட்டாதே, கண் மட்டும் தெளிவாக இருந்தால் மீதியை மன்னிக்கலாம், பார்வையை இழுக்கிற குப்பை எதுவானாலும் எடுத்துப் போடு என்று அவர் சொன்னதையெல்லாம் சுயூன்பெக் பால் கணக்கு எழுதும் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தான். வெட்டுவது என்பது மட்டும் அவனுக்குப் பிடிக்கவில்லை. மலை கொடுத்ததில் இது வேண்டும் இது வேண்டாம் என்று சொல்ல நாம் யார் என்று அவனுக்குள் ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்தைச் சாகின்தான் தீர்த்துவைத்தான்.

எங்கள் ஊரில் வேட்டையிலிருந்து இறங்கி வருகிறவனை அவன் வீடு சேருவதற்குள் எதிர்கொண்டு யாராவது 'ஷிரல்கா' என்று சொல்லிவிட்டால், வேட்டையில் அவருக்கு ஒரு பங்கு கொடுத்தாக வேண்டும். என்ன வேண்டும் என்று கேட்கிறவர் சொல்லலாம். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கக் கூடாது, அடுத்தவர் பிடுங்கவும் கூடாது. இல்லை என்று சொன்ன ஆளும் உண்டு. சாகினின் பெரியப்பா ஒரு தடவை நல்ல தொடைக்கறியை ஒளித்துவைத்துக்கொண்டு கைவிரித்தார். அதற்கப்புறம் அவர் எந்தப் பக்கம் மலை ஏறினாலும் அரை நாள் நடந்து தன் வீட்டுக் கொல்லை எருக்குவியலில் வந்து நின்றார். ஆறு வருஷம் அப்படி ஏறிப் பார்த்துவிட்டு முடிவெட்டும் தொழிலுக்குப் போய்விட்டார். ஆகவே, சுயூன்பெக் கேமராவோடு இறங்கி வந்த ஒரு மாலையில் சாகின் பாலத்தடியில் நின்று ஷிரல்கா என்றபோது அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"டேய், இது படம்டா. கறி எங்கடா இருக்கு?"

"படமோ கறியோ, மலையிலேர்ந்துதானே எறக்கிட்டு வர்றே. பங்குன்னா பங்குதான்."

"அதுல உனக்கு எதைக் குடுக்கிறது?"

"உனக்கு வேண்டாததைக் குடு. நான் என்ன பேராசைக்காரனா?"

சுயூன்பெக் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தான். பயிற்சிக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. வானம் அதிகம். மேலே ஒரு பட்டையை வெட்டி, வெட்டியதைத் தனியாகச் சாகினின் போனுக்கு அனுப்பினான். படம் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தது. மலையாட்டின் கொம்பு, இத்தனை நாள் எங்கே இருந்தது என்கிற மாதிரி முன்னால் வந்தது. மறுநாள் காலை சாகின் வீட்டில் வானம் இருந்தது.

அதிலிருந்து அவன் படங்கள் மளமளவென்று தேறின. ஊரும் தேறியது. சாய்ந்திருந்த அடிவானத்தை நிமிர்த்தினால் நான்கு மூலையிலும் ஆப்பு மாதிரி துண்டுகள் மிஞ்சும். அந்த ஆப்புகளைப் பள்ளிக்கூட வாத்தியார் வாங்கிக் கதவு ஆடாமல் வைத்துக்கொண்டார். பனிப் படங்களில் ஏறிவிடுகிற நீலச் சாயலை எடுத்தபோது ஒரு வீட்டுச் சன்னல் கதவுகள் பெயின்ட் இல்லாமலே நீலமாயின. கழுகுப் படத்தில் குறுக்கே நின்ற மின்கம்பத்தைக் கேட்டு வாங்கிய ஆள் அதில் விளக்குப் போட்டுக்கொண்டார். அதற்கு மின்வாரியம் இன்றைக்கும் பில் அனுப்புவதில்லை. ஒரே ஒரு தடவைதான் தவறு நடந்தது. மர்மோட் எலிப் படத்தில் பின்னணிப் புல்லை வெட்டும்போது சுயூன்பெக் அவசரப்பட்டான். காதோரம் கை வழுக்கிவிட்டது. புல்லோடு சேர்ந்து காதும் போனது. அடுத்த வாரம் மேய்ச்சலுக்குப் போனவர்கள் ஒற்றைக் காது மர்மோட் ஒன்று பாறைமேல் உட்கார்ந்து ஊரைப் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். சுயூன்பெக் அன்று சாப்பிடவில்லை. ஓரம் வெட்டும்போது மூச்சுவிடக் கூடாது என்று நோட்டில் எழுதிவைத்துக்கொண்டான்.

அந்த இலையுதிர் காலத்தில் மாவட்டத்திலிருந்து கடிதம் வந்தது. கராங்கி ஓடையையும் அதற்கு மேலே உள்ள சரிவுகளையும் வெளியூர் வேட்டைக் கம்பெனி ஒன்று பத்து வருஷக் குத்தகைக்குக் கேட்கிறது. ஊருக்கு மறுப்பு இருந்தால் நவம்பர் இரண்டாம் வியாழன் பள்ளிக்கூடக் கூடத்தில் அதிகாரி முன்னால் சொல்லலாம். மேய்ச்சல் கமிட்டித் தலைவர் எர்கேஷுக்கு மறுப்பு இல்லை. கம்பெனிக்காரர்கள் அவர் மகனுக்கு ஜீப் ஓட்டும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மகன் ஊரோடு இருப்பான் என்றால் எந்தத் தகப்பன்தான் மலையைப் பார்ப்பான், அவரையும் குற்றம் சொல்ல முடியாது. கடிதத்தைப் படித்துக் காட்டிய ஊர்க்கூட்டத்தில் சுயூன்பெக் மட்டும் எழுந்து, ஓடையில் பனிச்சிறுத்தை இருக்கிறது, மலையாட்டைச் சுட்டுத் தீர்த்தால் அது பட்டினியில் செத்துப்போகும், இல்லாவிட்டால் யாராவது 'தெரியாமல்' சுட்டுவிடுவார்கள் என்றான். கூட்டத்தில் சிரிப்பு. எர்கேஷ் சிரிக்கவில்லை, மரியாதையாகத்தான் கேட்டார். "தம்பி, பதினோரு வருஷமா வாயால காட்டுறே. ஒரு தடவை கண்ணால காட்டு. கடைசி பெஞ்சுல இருக்கிறவனுக்கும் தெரியற மாதிரி ஒரு படம் கொண்டா, நானே மறுப்புல கையெழுத்துப் போடறேன்."

கூட்டத்தில் சிரிக்காத இன்னொருத்தி பூபாய்ஷா. வயது ஐம்பத்தெட்டு. புருஷன் தூரதேசத்தில், எகாத்தரின்பூர்கில் கட்டட வேலையில், வருஷத்துக்கு ஒரு தடவை வருவான். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வசந்த காலத்தில் அவள் பட்டியில் இருந்த இருபத்துநான்கு ஆடுகளில் இருபத்துமூன்று ஒரே இரவில் கழுத்துக் கிழிந்து கிடந்தன. ஓநாய் என்றது ஊர். அவள் ஒவ்வொரு கழுத்தாகத் தடவிப் பார்த்துவிட்டு ஓநாய் இல்லை என்றாள். ஆக, சுயூன்பெக்கின் சிறுத்தையை ஊரில் நம்பிய ஒரே ஆள் அவள்தான், அதைக் கொல்ல நியாயம் உள்ள ஒரே ஆளும் அவள்தான். மாமனாரின் துப்பாக்கி அவள் வீட்டுச் சுவரில் எண்ணெய் போட்டுத் துடைத்து மாட்டியிருந்தது.

சுயூன்பெக் நாற்பத்தோரு நாள் மேலே இருந்தான். உலர் ரொட்டியும் உப்புத் தயிர் உருண்டையும்தான் சாப்பாடு. நாற்பத்தோராவது நாள் சாயங்காலம், மூச்சடக்கிக் கல்லோடு கல்லாகப் படுத்திருந்தபோது, எதிர்ப்பாறையில் ஒரு துண்டுப் பாறை எழுந்து சோம்பல் முறித்தது. அவன் ஒரே ஒரு படம்தான் எடுத்தான். வெளிச்சம் போய்விட்டதால் இரண்டாவது எடுக்கவில்லை என்றான், அழுததால் எடுக்கவில்லை என்பாள் சைராகுல்.

அங்கேதான் தப்புப் பண்ணினான். மற்ற நாளில் யாரும் எதிர்ப்படாத ஆற்றோர வழியாக இறங்குகிற ஆள், அன்று சந்தோஷம் தாங்காமல் போனில் சிக்னல் கிடைக்கிற முகட்டில் நின்று வீட்டுக்குப் பேசிவிட்டான். "எடுத்துட்டேன் சைரா. கெடைச்சிருச்சு." சைராகுல் பக்கத்து வீட்டுக்குச் சொன்னாள். அவன் குதிரையில் இறங்கி ஊர் எல்லையைத் தொடும்போது கல்யாண வீட்டு வாசல் மாதிரி ரோட்டோரம் ஒன்பது பேர் நின்றார்கள். ஒவ்வொருத்தராக ஷிரல்கா என்றார்கள். மறுக்க முடியாது. கடைசியில், அவன் வீட்டுக் கேட்டின் மேல் கைவைத்தபடி பூபாய்ஷா நின்றாள். அவளும் சொன்னாள்.

"என்ன வேணும் அக்கா?"

"இப்ப ஒண்ணும் வேணாம். மத்தவங்கெல்லாம் எடுத்துக்கட்டும். நான் சனிக்கிழமை வர்றேன்."

படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்ததும் சுயூன்பெக் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். சிறுத்தை இருந்தது, ஆனால் எங்கே என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். மேலே பாதி வானம், கீழே பாதி சரளைக்கல், முன்னால் அவனுடைய சொந்தச் சேணப்பையின் வார் மங்கலாகக் குறுக்கே ஓடியது. அடிவானம் குடித்தவன் நடை மாதிரி சாய்ந்திருந்தது. எல்லாமே நீலம். சிறுத்தையின் முகத்துக்குக் குறுக்கே ஒரு காய்ந்த குச்சி. ஆனாலும் அவனை அறியாமல் ஒரு காரியம் நடந்திருந்தது. சிறுத்தை நடுவில் இல்லை. இடது ஓரமாக நின்று, வலது பக்கம் விரிந்த சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண் இரண்டும் தெளிவு.

ஒரு வாரம் வெட்டினான். பங்கு கேட்டவர்களுக்கும் படத்துக்கும் ஒன்றே தேவையாக இருந்தது ஒரு வசதி. வானம் ஒருவருக்கு, சரளை மூன்று பேருக்கு, வார் ஒருவருக்கு, நீலம் ஒருவருக்கு, மூலை ஆப்புகள் வழக்கம்போல் வாத்தியாருக்கு. குச்சி இன்னொருவருக்கு; அதை எடுக்க ஒரு முழுப் பகல் ஆனது, அதன் கீழே இருந்த மீசை ஒவ்வொன்றையும் தொடாமல் எடுக்க வேண்டியிருந்தது. இருட்டில் இருந்த வயிற்றுப்பக்கத்தைக் கொஞ்சம் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தான், ரொம்பவும் இல்லை, சிறுத்தைக்கே தெரியாத அளவுக்கு. நாளுக்கு நாள் அது திரையில் கிட்டே வந்துகொண்டிருந்தது. ஒன்பதாவது ஆளாக எர்கேஷ் வந்து, தேநீர் குடித்துவிட்டு, திரையில் விரல் வைத்தார். "அது எந்தப் பக்கம் பாக்குது? அந்தப் பக்கத்தைக் குடு எனக்கு."

"தலைவரே, அதை மட்டும் விட்ருங்க. பாக்குற பக்கம் எடம் இல்லாட்டி மிருகத்துக்கு மூச்சு முட்டும். படம் செத்துரும்."

"கேக்கிறவன் சொல்றதுதானே பங்கு. வழக்கத்தை மாத்திட்டீங்களா என்ன?"

கொடுத்தான். சிறுத்தையின் மூக்கு படத்தின் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது. எர்கேஷ் வீட்டுக்கும் கழிப்பறைக்கும் நடுவே நாற்பது அடியில் இருந்த முற்றம் மறுநாள் காலை முந்நூறு அடியாக நீண்டது. அந்தக் குளிரில் அவர் குடும்பம் இன்றுவரை அதை நடந்துதான் கடக்கிறது. அவருடைய மகன் மட்டும் அதற்கென்றே சைக்கிள் வாங்கியிருக்கிறான்.

இருந்தாலும் படம் படம்தான். கடைசி பெஞ்சுக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை சுயூன்பெக் அதைச் சைராகுலிடம் காட்டினான். அவள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இனிமே யார் என்ன பழமொழி சொல்றாங்கன்னு நானும் பாக்கறேன்" என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பதினோரு வருஷம் அவளும்தானே அந்தப் பழமொழியோடு குடித்தனம் நடத்தினாள்.

சனிக்கிழமை காலை பூபாய்ஷா வந்தாள். ஈரப் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, திரைக்கு எதிரே உட்கார்ந்து, சிறுத்தையின் கண்ணைப் பார்த்தாள். அவள் வாய் திறப்பதற்குள் சுயூன்பெக்குக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா, பாறை முழுக்க எடுத்துக்குங்க. அருமையான பாறை. நிழலை எடுத்துக்குங்க. வாலுக்குப் பின்னாடி இன்னும் கொஞ்சம் பனி இருக்கு."

"அது."

"வியாழக்கெழமை கூட்டம் அக்கா. இது இல்லாட்டி ஓடை போச்சு. அதுவும் போச்சு."

"இருபத்துமூணு ஆடு, தம்பி. குட்டிக்கெல்லாம் பேர் வச்சிருந்தேன். என் பங்கு அதுதான்."

சைராகுல் தேநீர்க் கிண்ணத்தைப் பூபாய்ஷாவுக்கு முன்னால் நகர்த்தி வைத்தாள். சுயூன்பெக் தலையாட்டினான். அவன் சம்மதித்தது, மறுத்தால் மலை மூடிக்கொள்ளும் என்பதற்காக மட்டும் இல்லை. அந்த இருபத்துமூன்று ஆட்டையும் புதைக்கக் குழி வெட்டியவர்களில் அவனும் ஒருவன். அவள் கேட்டது அநியாயம் என்று அவனால் சொல்ல முடியவில்லை, கொடுக்கவும் மனசு வரவில்லை. அவள் போன பிறகு கொஞ்ச நேரம் அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதான்.

பிறகு வேலையில் உட்கார்ந்தான். படத்தில் ஒரு விலங்கை அதன் பின்னணியிலிருந்து பிரித்து எடுப்பதுதான் இந்தத் தொழிலிலேயே கஷ்டமானது என்பார்கள். மனிதனுக்கு ஓரம் இருக்கிறது, கல்லுக்கு ஓரம் இருக்கிறது, ரோமத்துக்கு ஓரம் கிடையாது. அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒற்றைக் காது மர்மோட் மேலே உட்கார்ந்திருக்கிறது. சுயூன்பெக் மீசையிலிருந்து தொடங்கினான். இடது பக்கம் பதினான்கு, வலது பக்கம் தெரிந்தவரை பதினொன்று. காதுக்குள் இருந்த மயிர். முன்காலுக்கு நடுவே தெரிந்த வெளிச்சம். வாலின் ஓரக்கோட்டை மட்டும் மூன்று தடவை அழித்து மறுபடி வரைந்தான், வால் இல்லாவிட்டால் செங்குத்துப் பாறையில் அது நிலை தடுமாறும். ஒரு பகல் முழுக்க அவன் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. அவன் வாழ்க்கையில் செய்த மிகச் சிறந்த வேலை அதுதான், எந்தப் பயிற்சிக்காரரும் குறை சொல்லியிருக்க முடியாது. முடித்ததும் பூபாய்ஷாவின் போனுக்கு அனுப்பினான். திரையில் வெறும் பாறை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை சிறுத்தை பூபாய்ஷாவின் பட்டியில் நின்றது. மீசை, வால், நகம் எதிலும் ஒரு குறை இல்லை. பட்டியின் கிழக்குச் சுவரில் மூக்கு முட்டுகிற மாதிரி நின்று அந்தக் கற்களையே பார்த்துக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த ஒற்றைப் பெண்ணாட்டை அவள் வீட்டுக்குள் கட்டியிருந்தாள். ஊரார் பட்டிச் சுவருக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். சாகின் மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்று, "சுயூன் பார்த்த சிறுத்தைதான்" என்றான், பழக்க தோஷத்தில். யாரும் உள்ளே போகவில்லை. பங்கு அவளுடையது, அதில் மூக்கு நுழைக்க யாருக்கு உரிமை.

சுயூன்பெக் நான்கு நாளும் பட்டிச் சுவருக்கு வெளியே குளிரில் உட்கார்ந்திருந்தான். எப்போது துப்பாக்கி வெடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். துப்பாக்கி வெடிக்கவில்லை. பூபாய்ஷா ஒரு முக்காலியைப் போட்டுச் சிறுத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு, அதைத் திட்டினாள். ஒவ்வொரு ஆடாகப் பெயர் சொல்லித் திட்டினாள். "பசிச்சா ஒண்ணைத் தின்னு, ரெண்டைத் தின்னு. இருபத்துமூணும் எதுக்குடி? உன் ஆத்தா உனக்கு என்னத்தைச் சொல்லிக் குடுத்தா? தின்னியா? அதையாவது தின்னியா நீ?" அது பெட்டை என்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ. திங்கட்கிழமை ஆட்டிலிருந்து புருஷனுக்கு மாறினாள். பதினாறு வருஷமாக எகாத்தரின்பூர்கில் யாருக்காகச் சுவர் எழுப்புகிறான் என்று சிறுத்தையிடம் கேட்டாள். செவ்வாய்க்கிழமை குரல் கம்மிவிட்டது. அது ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை, உறுமவில்லை, சுவரைப் பார்த்தபடியே இருந்தது. விலா எலும்புகளை வெளியிலிருந்தே எண்ணலாம் போலாகிவிட்டது.

புதன்கிழமை பகலில் பேச்சுச் சத்தம் இல்லை. அதற்குப் பதில் கல்லில் கத்தி தீட்டும் சத்தம் கேட்டது. சுயூன்பெக் எழுந்து நின்றான். பட்டிக் கதவு திறந்தது.

"இன்னுமா இங்க உக்காந்திருக்கே? நல்லதாப் போச்சு. வா, வந்து காலைப் பிடி."

"அக்கா, வேணாம் அக்கா."

"ஒத்தை ஆளா நான் எப்படிச் செய்யறது? வாடா."

உள்ளே போனான். வைக்கோல் மேல் கால் மடக்கிக் கிடந்தது ஆடு, மிச்சமிருந்த அந்த ஒற்றைப் பெண்ணாடு. பூபாய்ஷா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, சண்டை போடுகிற மாதிரி சொன்னாள்: "நாலு நாளாச்சு. என் கூரைக்குக் கீழ ஒரு உசுரு பட்டினி கெடக்கு. எங்க அம்மா பாத்தா என்னைத்தான் காறித் துப்புவா. வந்தவ எவளோ, வந்துட்டா. என்ன பண்ணச் சொல்றே?" விருந்தாளிக்கு அறுக்கிற முறைப்படி, தலையைத் திருப்பிவைத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி அறுத்தார்கள். அறுக்கும்போது அவளும் அழுதாள், அவனும் அழுதான். கறியைச் சிறுத்தையின் பக்கத்தில் வைத்தார்கள். அது திரும்பவில்லை.

"ஏன் தின்ன மாட்டேங்குது?"

"அது பாக்குற பக்கம் எடம் இல்ல அக்கா. தலைவர் வாங்கிட்டார்."

பூபாய்ஷா சுவரைப் பார்த்தாள். அவள் புருஷன் கல்யாணமான வருஷம் அடுக்கியது, ஊரிலேயே நேரான சுவர் என்று பெயர் வாங்கியது. கொடுத்த பங்கை எர்கேஷிடம் திருப்பிக் கேட்க முடியாது. அவள் கடப்பாரையை எடுத்து வந்து மேல் வரிசைக் கல்லைத் தள்ளினாள். சுயூன்பெக் அடுத்ததைத் தள்ளினான். ஒரு மணி நேரத்தில் ஆள் உயரத்துக்கு, பதினெட்டடி அகலத்துக்குச் சுவர் இல்லாமல் போனது. அந்த இடைவெளியில் முதலில் வரப்பு தெரிந்தது, பிறகு ஆறு, பிறகு கராங்கி ஓடையும் அதற்கு மேலே பனியும். சிறுத்தை முதல் தடவையாகக் கண்ணைச் சிமிட்டியது. குனிந்து, கறியை எலும்புகூட மிச்சம் வைக்காமல் தின்றது. நக்கி முடித்துவிட்டு, இடைவெளி வழியாக, யாருக்கும் அவசரம் இல்லை என்கிற நடையில் மேலே போனது. பூபாய்ஷா துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிட்டு வந்து, காலியான பட்டியைக் கூட்டினாள்.

வியாழக்கிழமை கூடத்தில் வெள்ளைத் துணியில் சுயூன்பெக்கின் படத்தைப் போட்டார்கள். வெறும் பாறை. நல்ல வெளிச்சம், நேரான அடிவானம், ஒரு தூசி இல்லை. அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "எல்லாம் சரி, விலங்கு எங்கே?"

"என்கிட்ட இருக்கு" என்று பூபாய்ஷா எழுந்தாள். "ஷிரல்காவா வாங்கினது. ஊரே பாத்திருக்கு."

அதிகாரியும் நாரின் பக்கத்துக்காரர்தான், அவருக்கு யாரும் வழக்கத்தை விளக்க வேண்டியிருக்கவில்லை. சுயூன்பெக்கிடம், கொடுத்தீர்களா என்று கேட்டார். கொடுத்தேன் என்றான். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு யோசித்தார். காட்டு விலங்கு என்றால் அது சர்க்காருடையது, அது உலவுகிற இடத்தைச் சர்க்கார் குத்தகைக்கு விடலாம். ஊர்க்காரரின் உடைமை என்றால் அது கால்நடைக் கணக்கில் வரும். கால்நடை போய்வருகிற நிலத்தில் ஊருக்குத்தான் முதல் உரிமை. இதைச் சட்டப் புத்தகத்தில் இரண்டு இடத்தில் புரட்டிப் பார்த்தும் உறுதி செய்துகொண்டார்.

எர்கேஷ் எழுந்தார். "ஐயா, அது புல்லா மேயுது?"

"புல்லை மேயறதை மேயுது" என்றாள் பூபாய்ஷா. "உங்களுக்கு ஆட்சேபம்னா, நடந்து போய் அதுகிட்டயே கேளுங்க. உங்களுக்குத்தான் இப்ப நடந்து பழக்கமாச்சே."

கூடம் சிரித்தது. கொஞ்ச நேரத்தில் எர்கேஷும் சிரித்துவிட்டார், வேறு என்ன செய்வது. கையெழுத்துப் போடுகிறேன் என்று சொன்ன வார்த்தையை அவர் மீறவில்லை, குத்தகைப் பேச்சு அதோடு நின்றது. அவர் மகன் அந்தக் குளிர்காலமே பால் லாரிக்கு டிரைவராகப் போனான், ஊரோடுதான் இருக்கிறான்.

அதற்கப்புறம் சுயூன்பெக் எத்தனையோ தடவை மேலே போனான். சிறுத்தையைக் கண்டிருக்கிறான், பத்தடி தூரத்தில்கூட. படம் விழுவதில்லை. எத்தனை எடுத்தாலும் தெளிவான, அழகான, வெறும் பாறைதான் வருகிறது. கொடுத்தது கொடுத்ததுதான். முதல் வருஷம் அவனுக்கு அது வலித்தது. இப்போது கேமராவை இறக்கி வைத்துவிட்டு வெறுங்கண்ணால் பார்த்துவிட்டு வருகிறான்.

பூபாய்ஷா மறுபடி ஆடு பிடித்தாள், முதலில் மூன்று, பிறகு பதினொன்று. சுவரை அவள் திரும்பக் கட்டவில்லை. திறந்த பட்டி ஆடுகளை எவரும் தொட்டதில்லை, பனி ஏறும்போது அவளாகவே மேலே விட்டுவருகிற ஒரு கிழட்டு ஆட்டைத் தவிர. வசந்தத்தில் கால்நடைக் கணக்கெடுக்க வருகிற ஆள் பட்டியைச் சுற்றி எண்ணிவிட்டு, இடைவெளியில் நின்று மலையைப் பார்த்து, "அக்கா, மேலே?" என்று கேட்பான். முதல் வருஷம் ஒன்று என்றாள். இரண்டாம் வருஷமும் ஒன்று. போன வசந்தத்தில் அவள் உடனே பதில் சொல்லவில்லை. கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு, ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னாள்.

"மூணுன்னு எழுது. ரெண்டு குட்டி."

எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.